ஒத்தடச் சூடு

அவரைக் கூப்பிட்டால் திரும்பமாட்டார். நீங்களும் நானும் திரும்புகிற மாதிரி திரும்பமாட்டார் என்று சொல்ல வேண்டும். பின்னாலிருந்து 'அண்ணே' என்று ஒரு குரல் கேட்டால், நடந்துகொண்டிருப்பவர் நிற்பார். காலை நகர்த்துவார். இடுப்பு, முதுகு, தோள் எல்லாம் ஒன்றாக வரும். முகமும் அவற்றோடு கூடவே வந்து சேரும். இரண்டு பேர் பிடித்து ஓர் அலமாரியைத் திருப்பி வைக்கிற மாதிரி இருக்கும். எங்கள் வரிசை வீட்டுப் பிள்ளைகள் அவருக்கு 'அலமாரி மாமா' என்று பெயர் வைத்திருந்தார்கள். வேறு பெயர் எதையும் நான் இங்கே சொல்லப்போவதில்லை.

ஜப்பான்காரன் வருவதற்குப் பல வருஷங்களுக்கு முந்திய கதை இது. பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அரிசிக் கிட்டங்கியில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். சேர்ந்த புதிது. வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு, ஊரே என்னைப் பார்க்கிறது என்ற நினைப்பில் திரிந்த வயது. அவர் அங்கே கிழிந்த சாக்குகளைத் தைக்கிறவர். இளமையில் தோங்காங் படகுகளிலிருந்து மூட்டை இறக்கியவர். ஒருநாள் பலகை வழுக்கி, பிடரியில் கிடந்த மூட்டையோடு விழுந்தார். அதற்குப் பிறகு சுமை தூக்க முடியவில்லை என்று கோணி ஊசியைக் கையில் கொடுத்து மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், நான் தொண்டை வறளக் கூப்பிட்டும் சாக்குத் தைக்கிற ஓர் ஆள் திரும்பவில்லை என்பதுதான்.

நேரே போய் அவர் முன்னால் நின்று, "காது கேக்கலையா?" என்றேன்.

"கேக்குது தம்பி. நான் திரும்பி முடிக்கிறதுக்குள்ள நீங்களே வந்துட்டீங்க" என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இந்த ஆளுக்கு எதற்கு இவ்வளவு தலைக்கனம் என்று எரிச்சலோடு போனேன். அதே வாரம் எனக்கு ஜெலுத்தோங்கில் வாடகைக்கு ஒரு பலகை வீடு கிடைத்தது. சாமான்களை இறக்கிக்கொண்டிருக்கும்போது பார்க்கிறேன், பக்கத்து வீட்டு வாசலில் அந்த அலமாரி மெதுவாக என் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது. என் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் அவர் மனைவி ஒரு கிண்ணத்தில் ரசம் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா. ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல், கொண்டையில் எந்நேரமும் ஏதாவது ஒரு பூ.

"தம்பி, ஒரே ஒரு விஷயம். அவர்கிட்ட எதுன்னாலும் முன்னால வந்து பேசுங்க. பின்னாலேருந்து கூப்பிட்டா மரியாதைக்குத் திரும்பப் பாப்பாரு. அப்புறம் மண்டையப் புடிச்சிக்கிட்டுப் படுத்துருவாரு."

பிறகு அந்தத் தலைவலியை நானே பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர் சத்தம் போடமாட்டார். வலது பிடரியில் முதலில் ஓர் இழுப்பு வரும். அது காதுக்குப் பின்னால் ஏறி, மண்டையை வளைத்துக்கொண்டு, வலது புருவத்துக்கு மேல் வந்து உட்காரும். உட்கார்ந்த பிறகு, அங்கேயே பிறந்து வளர்ந்த மாதிரி நடந்துகொள்ளும். அதனால் வருஷக்கணக்காக எல்லாரும் புருவத்துக்கே வைத்தியம் பார்த்தார்கள். சுக்கை உரைத்துப் பத்துப் போட்டார்கள். சீனன் கடைப் பிளாஸ்திரியை நெற்றிப்பொட்டில் ஒட்டினார்கள். கண்ணில் கோளாறு என்று ஒருவர் சொல்லி மூக்குக்கண்ணாடி வாங்கினார்கள். பல்லில் பூச்சி என்று இன்னொருவர் சொல்லி நல்ல பல் ஒன்று போயிற்று. தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டு மொட்டையும் போட்டாயிற்று. மொட்டைத் தலையிலும் வலித்தது. முருகன் என்ன செய்வான், அவனிடமும் தலை என்றுதானே சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியில் அக்காதான் அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார். நான் குடிவருவதற்குக் கொஞ்ச காலத்துக்கு முன்னால் நடந்தது அது. அங்கே யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் புருவத்தைத் தொடவே இல்லையாம். பிடரியில் ஓரிடத்தைக் கட்டைவிரலால் அழுத்தியிருக்கிறார். உடனே புருவத்துக்கு மேல் வலி கிளம்பிவிட்டது. நோவு தலையில் தெரிகிறது, பிறக்கிறது கழுத்தில் என்று அவர் சொல்லியிருக்கிறார். பாரம் தூக்காதே, குனிந்தே கிடக்காதே, உயரத் தலையணை வைக்காதே, வெந்நீரிலோ உப்பிலோ ஒத்தடம் கொடு. அவ்வளவுதான் வைத்தியம்.

இவருக்குக் கோபம். "தலை வலிக்குதுன்னு போனா கழுத்தப் புடிக்கிறான் தம்பி. வயித்து வலின்னு போனா கால் வெரல எண்ணுவான் போலருக்கு" என்று என்னிடம்கூடக் குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் அக்கா அந்தக் கட்டைவிரல் போன இடத்தைப் பார்த்துவைத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் தானும் அங்கே அழுத்திப் பார்த்திருக்கிறார். அன்றைக்கே கழுத்துதான் எதிரி என்று முடிவு கட்டிவிட்டார்.

முடிவு சரிதான். செய்ததுதான் கோணலாகப் போயிற்று. வலி கழுத்தில் பிறக்கிறதென்றால், கழுத்தை அசையவே விடக் கூடாது என்று அக்கா எடுத்துக்கொண்டார். துண்டை மடித்து அவர் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். சோற்றுத் தட்டு, தண்ணீர்ச் சொம்பு, வெற்றிலைப் பெட்டி எல்லாம் நேர் முன்னால். விளக்கு நேர் முன்னால். தானும் நேர் முன்னால். சமையற்கட்டிலிருந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்று சொல்லிவிட்டுப் போவார். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும்போது அவருக்கு இரண்டடி முன்னால், பாதி பின்பக்கமாகவே நடந்து பேசிக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன். நான் குடிவந்து பார்த்த வீடு அதுதான். உலகத்தில் இருந்த எல்லாவற்றையும் அந்த அம்மாள் அவர் மூக்குக்கு நேரே கொண்டுவந்து வைத்திருந்தார். பார்த்துப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனால் கழுத்து இறுகிக்கொண்டே போயிற்று. வலி அடிக்கடி வந்தது. மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். துணைக்கு நானும் போயிருந்தேன். கழுத்தில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்ததும் டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இதென்ன கழுத்தோ, விளக்குக் கம்பமோ? பாரம் வேண்டாம், குனிய வேண்டாம் எண்டுதான் சொன்னனான். திருப்ப வேண்டாம் எண்டு சொல்லேல்லை. அசையாமல் வைச்சால் இறுகித்தான் போகும். ஒவ்வொரு நாளும் ரெண்டு பக்கமும் மெல்லத் திருப்ப வேணும். நோகத் தொடங்குற இடத்தில நிப்பாட்டு. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம்."

திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா அந்தத் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலுக்கு வந்ததும், "நாந்தான் தம்பி அவரக் கட்டிப் போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நல்லது செய்வதாக நினைத்துச் செய்ததுதான்.

அடுத்த வாரம் அவர் கிட்டங்கியில் என்னிடம் ரகசியமாக ஒரு சந்தேகம் கேட்டார்.

"தம்பி, எங்க வீட்டுல சாமானெல்லாம் நடக்குது."

"நடக்குதா?"

"சொம்பு நேத்து என் முட்டிக்கு நேரா இருந்துச்சு. இன்னைக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கு. வெத்தலைப் பெட்டி அந்தப் பக்கமா நகந்துக்கிட்டு இருக்கு. எடுக்கணும்னா மொகத்தத் திருப்ப வேண்டியிருக்கு. பேய் வீடுலா அது."

அக்காவின் வேலை. ஒரே நாளில் மாற்றினால் முரண்டு பிடிப்பார் என்று, தினமும் ஒரு விரல்கடை அளவு பொருள்களைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டிருந்தார். நான் காட்டிக்கொடுக்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும் என்றே இப்போது நினைக்கிறேன். தெரிந்தும் தெரியாத மாதிரி, கைக்கு எட்டாத சொம்புக்காக முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

கிட்டங்கியிலும் ஒரு மாற்றம். அக்கா சொல்லிக் கொடுத்தபடி, விட்டத்தில் கயிறு கட்டிக் கொக்கியில் சாக்கைத் தொங்கவிட்டு, கண்ணுக்கு நேரே வைத்துத் தைத்தார். குனிய வேண்டியதில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் சாக்குக்குத் தூக்குத் தண்டனை என்று சொல்லிச் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார், உடம்பு முழுவதும் குலுங்க.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது மாலை வேளைதான். வேலை விட்டு வந்து குளித்துவிட்டு வாசலைப் பார்த்து உட்காருவார். அக்கா கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து, அவருக்குப் பின்னால் உட்கார்ந்து பிடரியில் ஒத்தடம் கொடுப்பார். ஒத்தடம் முடிந்து கழுத்து இளகியதும் ஒரு விளையாட்டு. அக்கா அவருக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி உட்கார்ந்துகொள்வார்.

"இன்னைக்கு என்ன பூவு, சொல்லுங்க."

அவர் மெல்லத் திருப்புவார். தோள் அசையக் கூடாது, அது ஒப்பந்தம்.

"மல்லிகை."

"மோந்து பாத்துச் சொன்னா கணக்கில்ல. என்ன தெரியுது?"

"காது தெரியுது. தோடு தெரியுது."

"பூவு?"

"காதோட போதும் இன்னைக்கு."

"சரி. நாளைக்கு இன்னுங் கொஞ்சம்."

நான் என் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி இதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஒருவருக்கொருவர் விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் அது நடந்தது. தலைவலி வருவது குறைந்தது. கன்னம் தெரிந்தது, கொண்டை தெரிந்தது. ஒருநாள் கிட்டங்கியில் நான் ஞாபகமில்லாமல் பக்கத்திலிருந்து கூப்பிட, அவர் தோளை அசைக்காமல் முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பி, "என்ன தம்பி?" என்றார். அங்கே இருந்தவர்களெல்லாம் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். அன்று மாலை அக்கா எனக்குப் பாயசம் கொடுத்தார்.

பிறகு வேலையாட்களை மேற்பார்க்கிற மண்டோர் மாறினார். வந்தவருக்கு விட்டத்தில் சாக்குத் தொங்குவது பிடிக்கவில்லை. கொக்கியைக் கழற்றச் சொல்லிவிட்டார். மழைக்காலம், தோங்காங்குகள் வரிசையாக வந்து நின்றன, நனைந்து கிழிந்த சாக்குகள் மலையாகக் குவிந்தன. இவர் தரையில் உட்கார்ந்து, தலையைக் கவிழ்த்துக்கொண்டு, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தைத்தார். கொக்கியைத் திரும்ப மாட்டச் சொல்லி நான் கேட்டுப் பார்த்தேன். மண்டோர் அசையவில்லை. அதற்குள் என்னைச் சரக்குப் பார்க்க அக்கரையிலிருந்த புக்கிட் மெர்தாஜாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயே தங்க வேண்டியதாயிற்று.

நான் திரும்பி வந்தபோது அக்கா பாயில் கிடந்தார். கண் செருகியிருந்தது. உடம்பு அடுப்பாகக் கொதித்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சுரம் முற்றிவிட்டது, கொஞ்சம் முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கலாமே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஈரத்துணியோடு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர் வாசலில் இருந்தார். நான் எதிரில் போய் நின்றேன். என்னைப் பார்த்தார்.

"எனக்குத்தான் தம்பி மொதல்ல முடியாமப் போச்சு. குனிஞ்சு தெச்சதுல பழைய வலி புடிச்சிக்கிச்சு. கண்ணத் தொறக்க முடியல. செவுத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். அவதான் பின்னால ஒக்காந்து ஒத்தடம் குடுத்துக்கிட்டே இருந்தா. நாள் பூரா."

கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியைத் தொட்டுப் பார்த்தார்.

"கை சுட்டுச்சு தம்பி. பிடரியில அவ கை படும்போதெல்லாம் சுட்டுச்சு. உப்பு மூட்டை சூடுன்னு நெனச்சேன். நல்லா இருக்கு, எடுத்துராதன்னு வேற சொன்னேன். ஒத்தடச் சூடுன்னே நெனச்சுட்டேன்."

வலி அப்படிப்பட்டது அண்ணே, உங்கள் மேல் தப்பில்லை என்று ஏதோ சொன்னேன். அவர் அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை.

"உப்பு ஆறிப்போயி கீழ கெடந்துருக்கு. அப்பவும் பிடரி சுட்டுச்சு. மொகத்தக் கொஞ்சம் திருப்பியிருந்தா பாத்துருப்பேன். வலிக்குமேன்னு திருப்பல."

அக்கா மறுநாள் போய்விட்டார்.

பிள்ளை இல்லாத வீடு. சொந்தபந்தம் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். கொள்ளி யார் வைப்பது என்று பேச்சு வந்தபோது, "நான் இருக்கேன்" என்று மட்டும் சொன்னார். தோளில் நீர்க்குடம் தூக்கிச் சுற்ற வேண்டுமே, பாரம் ஆகாதே என்று நான் நினைத்தேன். அக்கா இருந்தால் விட்டிருக்கமாட்டார். குடத்தை நான் பிடித்துக்கொள்கிறேன் என்று பக்கத்தில் போய்ச் சொன்னேன். வேண்டாமென்று கையைக் காட்டினார்.

சுடுகாட்டில் தூறல் விட்டிருந்தது. அக்காவின் கொண்டை நிறையப் பூ வைத்து அனுப்பியிருந்தார்கள் பெண்கள். அவர் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு, சுற்றி வந்தார். சடங்கு நடத்தியவர் ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் கத்தியால் ஒரு துளை போட, தண்ணீர் அவர் முதுகில் வழிந்தது. பிறகு சிதைக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்தார்கள். குடத்தைப் பின்னால் போட்டு உடைத்தார். கொள்ளியைக் கையில் கொடுத்தார்கள். பின்பக்கமாகவே கையை நீட்டி வைத்தார்.

"அவ்வளவுதாங்க. அப்படியே நேரா நடங்க. திரும்பிப் பாக்கக் கூடாது" என்றார் சடங்கு நடத்தியவர்.

இந்த மனிதரிடம் போய் அதைச் சொல்கிறாரே என்று எனக்குத் தோன்றியது. திரும்பாமல் நடப்பதற்கு இவரைவிடத் தகுந்த ஆள் பினாங்கிலேயே கிடையாது. நான் அவருக்கு ஒரு பக்கமாக நடந்தேன். ஈர மண்ணில் கொஞ்ச தூரம் வந்திருப்போம். அவர் நின்றார்.

காலை நகர்த்தப்போகிறார் என்று நினைத்தேன். கால் நகரவில்லை. தோளும் அசையவில்லை. முகம் மட்டும் திரும்பியது. காது தெரிகிற அளவு தாண்டியது, கன்னம் தெரிகிற அளவு தாண்டியது. கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்து, வலது கண் வலியில் மூடிக்கொண்டது. இடது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார். அவர் கழுத்து அவ்வளவு தூரம் திரும்பி நான் பார்த்ததே இல்லை.

"ஐயோ, பாக்கக் கூடாதுங்க. போற உசுரு போகாதுங்க" என்று பின்னாலிருந்து அதட்டினார்கள். யாரோ வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் பார்த்து முடித்துவிட்டுத்தான் முகத்தை எடுத்தார்.

வெளியே வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது வலி முழுசாக ஏறிவிட்டிருந்தது. பிடரியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஏண்ணே அப்படிச் செஞ்சீங்க?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"பின்னால இருந்தாளே தம்பி. ஒருதரம் அவ பின்னால இருக்கும்போது பாக்காம இருந்துட்டேன். அது போதும்."

சில நாள் கழித்து, எங்கள் வரிசையில் இருந்த ஒரு பெண் அவர் வீட்டைக் கூட்டிப் பெருக்கி ஒழுங்கு செய்து கொடுத்தாள். நல்ல பெண். அவர் கழுத்தைப் பற்றித் தெரிந்தவள். தண்ணீர்ச் சொம்பு, வெற்றிலைப் பெட்டி எல்லாவற்றையும் சிரமமில்லாமல் எடுக்கட்டும் என்று அவர் உட்காரும் இடத்துக்கு நேர் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

நான் சோறு கொண்டுபோனபோது அவர் எழுந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார். சொம்பை அக்கா கடைசியாக வைத்திருந்த இடத்தில், பலகைத் தரையில் ஈரவட்டம் கறையாகப் படிந்திருந்தது. அதன்மேல் சரியாக வைத்தார். வந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடிப்பதற்காக மெல்ல, வலி தொடங்குகிற இடம் வரைக்கும், முகத்தைத் திருப்பினார். சொம்பு தெரியவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் நிறுத்தினார். பிறகு இன்னும் கொஞ்சம் திருப்பினார்.